மூன்று நாள் நல்லவன்

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட பேச்சை நான் அனுப்பப் போவதில்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று வருடத்துக்கு முன் போர்த்திய சால்வையை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறவன், அன்றைக்குப் பேசிய பேச்சைத் தொலைத்துவிட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். அலமாரியில் இருக்கிறது. கைதட்டல் வந்த இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் உன் கம்பெனி மேடையில் நீ நின்றுகொண்டு, ‘மாத்திரை இல்லாமல் சர்க்கரையை ஜெயித்தது எப்படி’ என்று அதைப் படிக்கப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன், வெறும் வயிற்றில் தொண்ணூற்றெட்டு, எல்லாம் உங்க வழிதான்ப்பா என்றாய். முப்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்து எட்டு மாதம்தான் ஆகிறது உனக்கு.

போனிலேயே சொல்லத்தான் பார்த்தேன். “டேய், டாக்டரைக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதடா” என்றேன். நீ சிரித்தாய். “இன்னாப்பா, புள்ள போட்டிக்கு வந்துட்டான்னு பொறாமையா?” என்றாய். நானும் சிரித்துவிட்டேன். என்னுடைய பெரிய வியாதி அதுதான், சர்க்கரை அதற்கப்புறம் வந்தது. முப்பது வருடமாக வாயைத் திறந்தாலே வேடிக்கை பேசிப் பழகியவன் ஒருநாள் நிஜமாகவே வீடு பற்றி எரிகிறது என்று கத்தினால்கூடப் பெற்ற பிள்ளை கைதட்டத்தான் செய்வான். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் கண்ணடிப்பது உனக்குத் தெரியாது அல்லவா?

எனக்குச் சர்க்கரை வந்த கதையை நீ மேடையில் கேட்டிருக்கிறாய். ஆனால் மேடையில் சொன்னது மெருகு போட்டது. நிஜம் இதுதான். பகலில் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன், விடுமுறை நாளில் பட்டிமன்றப் பேச்சாளன். அதுவும் எந்த அணியிலும் மூன்றாவது ஆள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் எழுந்து நிற்கிறவன். அப்படி நின்ற ஒரு கோயில் திருவிழாவில், எதிரணிப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடம் தண்ணீரை நான் ஒருவனே குடித்து முடித்து, இரண்டு தடவை மேடையை விட்டு இறங்கி ஓடினேன். நடுவர் சும்மா இருப்பாரா? “அந்தம்மா கேட்ட கேள்விக்கு இவரு பதில் தேடப் போயிருக்காரு” என்றார். அன்று முழுக்க அதற்குத்தான் அதிகக் கைதட்டல். மறுநாள் இரத்தம் எடுத்துப் பார்த்தால் இருநூற்று எண்பது. எடை தொண்ணூற்றொன்று. அந்தத் தொண்ணூற்றொன்றில் பாதி, நான் பேசிய ஊர்களின் கேசரி.

அப்புறம் நடந்த ஒரு வருடம் நிஜம், அதில் பொய் இல்லை. அதை நீ நம்பவேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் நீ நம்ப வேண்டிய நல்ல செய்தி அது ஒன்றுதான். நம் தெரு முனை டாக்டரம்மா, சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், என்னை உட்கார வைத்து ஒரு தட்டை வரைந்து காட்டினாள். பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. “அவ்ளோதான் சார். சாப்பாட்டக் கொறைக்கச் சொல்லல, தட்ட மாத்தி அடுக்கச் சொல்றேன். பத்து கிலோ எறங்கினா பாதி மருந்து தானா எறங்கும்” என்றாள். உன் அம்மா அந்தப் படத்தை வாங்கிவந்து சமையலறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். சாமிக்காவது வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. எனக்கு ஒரு கரண்டி சோறு, அதன் மேல் மலைபோல் பீர்க்கங்காய். காலையில் வாசலுக்கு விற்க வரும் பிரெஞ்சு நீள ரொட்டி நின்றது. மத்தி மீன், சுண்டல், கீரை. காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடை. முதல் மாதம் நான் அழாத குறை. இரண்டாம் மாதம் பேண்ட் நழுவியது. பத்து மாதத்தில் எழுபத்தேழு கிலோவுக்கு வந்தேன். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை இருக்கிறதே, அதில் டாக்டரம்மாவே சிரிக்கிற மாதிரி எண் வந்தது.

அப்போது அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன். “மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம் சார். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து டெஸ்ட் குடுக்கணும். எடை ஏறுச்சுன்னா மறுபடி ஆரம்பிக்கணும். இது போயிடல, தூங்குது, அவ்ளோதான்.” நான் வெளியே வரும்போது முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் இருந்தது.

அந்த வருடம்தான் நடைப்பயிற்சி நண்பர்கள் ஆண்டுவிழா. காலையில் நடக்கிற கூட்டத்தை உனக்குத் தெரியுமே, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, நடந்த களைப்புக்கு ஆளுக்கு நாலு வடை சாப்பிடுகிறவர்கள். என்னைச் சிறப்புப் பேச்சாளராகப் போட்டார்கள். மேடைத் தொழிலில் ஒரு விதி உண்டு, குமரா. கைதட்டல் விழ வேண்டிய வாக்கியத்தில் ‘ஆனால்’ வரக்கூடாது. வந்தால் தட்டப்போன கை பாதியில் நின்றுவிடும். அதனால் டாக்டரம்மாவின் நாலு வாக்கியத்தில் மூன்றைக் கழற்றி வைத்துவிட்டு, “மாத்திரை டப்பாவைத் தூக்கிக் கடலில் போட்டேன்” என்றேன். எந்தக் கடலிலும் போடவில்லை, உன் அம்மா அதில் கடுகு கொட்டி வைத்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தலைவர் எழுந்து நின்று “பிராவோ, முசியே!” என்று பிரெஞ்சிலேயே பாராட்டிக் கத்தினார். சால்வை போர்த்தி, சர்க்கரையை வென்றவர் என்று பட்டம் கொடுத்து, கையில் அரைக் கிலோ மைசூர்பாகு கொடுத்தார்கள். அந்தப் பேச்சின் வீடியோவை நீ ஊரெல்லாம் அனுப்பினாய். உன் மாமனார் வீட்டில்கூடப் போட்டுப் பார்த்தார்கள். மைசூர்பாகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

எடை எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டால், சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆடியில் வீராம்பட்டினம் தேர், அங்கே ஒரு நண்பர் வீட்டில் விருந்து. ஒரு நாள்தானே. ஆவணியில் கல்யாணங்கள், எல்லாவற்றிலும் என்னை வாழ்த்திப் பேசக் கூப்பிட்டார்கள். வாழ்த்திவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் வாழ்த்து பலிக்குமா? தட்டில் இருந்த காய் சோற்றுக்கு வழிவிட்டு ஓரமாய் ஒதுங்கியது. மழை வந்தது, நடை நின்றது. மழை நின்றது, நடை வரவில்லை. எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்தைந்து. யாராவது உற்றுப் பார்த்தால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நகைச்சுவை பேசுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பாதி ஜோக்குக்கு மூச்சு பத்தாது.

அப்போதுதான் நான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தேன். நான் என்ன கண்டுபிடிப்பது, இந்த ஊரில் சர்க்கரை உள்ள பாதிப் பேர் செய்வதுதான். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை விட்டுவிட்டு, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்வது. அதற்கு மூன்று நாள் முன்னால் நல்லவனாகிவிடுவது. வியாழக்கிழமை கீரையும் மோரும். வெள்ளிக்கிழமை சுண்டல். சனிக்கிழமை கடற்கரைச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு நடை. ஞாயிற்றுக்கிழமை இரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு வரச் சொன்னால், சட்னிகூடத் தொடாமல் இரண்டு இட்லி. பரிசோதனைக் கூடத்துப் பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள். “சார், தெனம் சாப்புடறத சாப்ட்டுதான் டெஸ்டுக்கு வரணும். நீங்க தெனம் ரெண்டு இட்லிதான் சாப்புடறீங்களா?” “ஆமாம்மா, சின்ன வயசுலருந்தே கொஞ்சமாதான் சாப்பிடுவேன்” என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த நீ என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனாய். ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது முறை இரத்தம் எடுத்து, பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தவன், “எதிர்ல பிரியாணிக் கடைக்கு விடுறா” என்றேன். நீ திகைத்துப்போய், “இன்னாப்பா இது, இப்பதானே ரெண்டு இட்லியோட நிறுத்துன?” என்றாய். நான் கண்ணடித்தேன். “பரீட்சைக்கு முந்துன மூணு நாள் படிச்சா போதும்டா. பரீட்சை முடிஞ்சா புக்க மூடிடணும்” என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, பெற்ற பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று! உனக்கு நான் சைக்கிள் சொல்லிக்கொடுக்கவில்லை, கணக்கு சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டையும் உன் அம்மாதான் செய்தாள். நான் உட்கார்ந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது இதை ஒன்றைத்தான்.

அந்த அறிக்கையிலும் எண்கள் அழகாகவே வந்தன. டாக்டரம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். அவள் வாங்கிப் பார்க்காமல் என்னை எடைக் கருவியில் ஏறச் சொன்னாள். எண்பத்தேழு. மூன்று மாதப் பரிசோதனைக்கு எழுதி, “இப்பவே, கீழ போய்க் குடுத்துட்டு வாங்க. பிரியாணி சாப்ட்டு வந்தாலும் பரவால்ல, இதுக்கு அது தெரியாது. ஆனா தொண்ணூறு நாளும் தெரியும்” என்றாள். ஒன்பது புள்ளி நான்கு. ஏழுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்லியிருந்தாள். “மூணு நாள் நல்லவனா இருந்தா, மிச்ச எம்பத்தேழு நாள ரத்தம் மறந்துடுமா சார்?” என்றாள். என் வாழ்க்கையில் ஒரே கேள்வியில் நான் தோற்ற மேடை அது ஒன்றுதான். அதில் ஜனங்களும் இல்லை.

அன்றிலிருந்து மறுபடி மாத்திரை போடுகிறேன், குமரா. ஒன்றல்ல, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு வருடம் ஆகப்போகிறது. உனக்குச் சொல்லவில்லை. நடைக் கூட்டத்துக்குச் சொல்லவில்லை. பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றில் மாத்திரை அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, கண்ணாடி துடைக்கிற மாதிரி திரும்பி நின்று விழுங்கினேன். சர்க்கரையை வென்றவர் என்று கூப்பிட்ட வாய்கள் என்ன சொல்லும் என்ற பயம். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் சொல்கிறாள், “ஒரு மூக்குக்கு எதுக்குங்க ரெண்டு கண்ணாடிக் கூடு? முதல் வாரமே பாத்துட்டேன்.” ஏன் கேட்கவில்லை என்றேன். “மேடையில சால்வ போட்டுக்கிட்டவருக்கு வீட்லயாவது கொஞ்சம் மரியாத இருக்கட்டும்னுதான்” என்றாள்.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. உனக்கு அரியாங்குப்பம் செல்வராசு மாமாவைத் தெரியும். தினமும் பாலம் தாண்டி வந்து எங்களோடு நடப்பாரே, என்னுடைய எல்லா ஜோக்குக்கும் முதலில் சிரிக்கிறவர். ஆண்டுவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போய்த் தன் மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் கேட்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன், முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். ஒன்றரை வருடம் அப்படியே போயிருக்கிறது. செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறவில்லை. போன வருடம் வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, “வாப்பா, இனிமே நகம் வெட்டுற வேல கொறஞ்சுது எனக்கு” என்றார். என்னைச் சிரிக்க வைக்கிறாராம். நான் சிரிக்க முடியாமல் நிற்பதைப் பார்த்து, “உம்மேல இன்னா தப்பு? நீ சரியா பண்ண, நான் சரியா பண்ணல. அவ்ளோதான்” என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை போட்டது, அவருக்குப் போடாதது. கொடுத்துவிட்டுக் கேட்டாள், “நீங்க இப்பவும் மாத்திரையே போடறதில்லியா அண்ணே?” என் சட்டைப் பையில் அந்தக் கண்ணாடிக் கூடு இருந்தது. அதில் மாலை மாத்திரை இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். “குடுத்து வச்சவரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த டீயை நான் முழுக்கக் குடித்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நாளைக்கு அரியாங்குப்பம் போய் அவர்களிடமும் சொல்லப் போகிறேன். போவேன் என்றுதான் நினைக்கிறேன். என்னை நம்பி எதையும் உறுதியாக எழுத எனக்கே கை வரவில்லை.

உன் தொண்ணூற்றெட்டுக்கு வருகிறேன். நீ போனை வைத்ததும் திவ்யாவைக் கூப்பிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, மருமகள் பாவம், மாமனார் துப்பறிகிறார் என்று தெரியாமல் பேசிவிட்டாள். “டெஸ்டுக்கு முன்னாடி நாலு நாள் வெறும் காய்தான் மாமா, அவ்ளோ கட்டுப்பாடு! டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கு மட்டும் வீட்டுக்கு பிரியாணி வரவழைச்சாரு” என்றாள். எடை எவ்வளவு குறைந்திருக்கிறான் என்று கேட்டேன். “எடை அப்படியேதான் இருக்கு மாமா” என்றாள். நான் மூன்று நாள் நல்லவன், நீ நாலு நாள். அப்பனை மிஞ்சிய பிள்ளை. என் மூக்கு, என் வழுக்கை, என் சர்க்கரை எல்லாம் உனக்கு வந்தது பற்றி நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. இது மட்டும் இரத்தத்தில் வரவில்லை. பிரியாணிக் கடை வாசலில் நான் கையில் கொடுத்தது.

உனக்கு நான் புத்திமதி சொன்னால் அது இன்னொரு பேச்சாகிவிடும். ஆனாலும் இரண்டு வரி. சாப்பாட்டை மாற்றினால், எடை இறங்கினால், சர்க்கரை இறங்குகிறது, இது சத்தியம், என் உடம்பிலேயே பார்த்தேன். உனக்கு வயது இருக்கிறது, என்னைவிட நன்றாகவே இறங்கும். ஆனால் இறங்கியதை இறங்கின இடத்தில் தினமும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, பார்க்க ஆளில்லாத நாளிலும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உன் டாக்டர் வாயிலிருந்து வரவேண்டும். என் வாயிலிருந்து வந்ததை வைத்துச் செய்யாதே, அது கைதட்டலுக்காகத் திறந்த வாய். இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே போ. நாலு நாள் தயார் செய்யாமல், அன்றைக்குச் சாப்பிட்டதோடு அப்படியே போய் மூன்று மாதப் பரிசோதனை கொடு. நீ போகாவிட்டால் நான் என்ன செய்யமுடியும்? ஒன்றும் முடியாது. பெங்களூருக்கு பஸ் ஏறி வந்து உன் வாயைப் பிளந்து மாத்திரை போடவா முடியும்? நீ காய்ச்சலில் கிடந்த வயதில் அதுவும் செய்திருக்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. இப்போது நீ போனிலேயே என்னைச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுகிறாய்.

இப்போதெல்லாம் காலையில் உன் அம்மா எதிரிலேயே மாத்திரை போடுகிறேன். தண்ணீரை நீட்டிவிட்டு, நான் விழுங்குகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறாள். டம்ளரைத் திருப்பி வாங்கும்போது கேட்கிறாள், “புள்ள போட்டிருப்பானா?” நீ நிறுத்திவிட்டதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. “போட்டிருப்பான்” என்கிறேன். ஆறு நாளாக அதையே சொல்கிறேன், அவளும் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். என்னுடைய மற்றப் பொய்களையெல்லாம் இதில் எழுதிவிட்டேன், அவற்றை நானே சரிசெய்துகொள்கிறேன். இந்த ஒன்றை உண்மையாக்க மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. நாளைக் காலையிலும் கேட்பாள்.

அப்பா